விண்டோஸ் சர்வரில் பிஎச்பி: சிப்காட் கேட் பாஸ் செயலியை ஐஐஎஸ்-இல் ஏற்றிய விவரம்

தலைமை அலுவலகம் வெளியூரில் இருக்கும் ஆலைகளில் ஒரு வழக்கம் உண்டு. சர்வர் என்றால் விண்டோஸ், வெப் சர்வர் என்றால் ஐஐஎஸ், டேட்டாபேஸ் என்றால் எஸ்க்யூஎல் சர்வர். பேக்கப், ஆன்டிவைரஸ், பேட்ச் எல்லாவற்றுக்கும் அதை வைத்தே ஒப்பந்தம் போட்டிருப்பார்கள். கடலூர் சிப்காட்டில் ஒரு மூலையில் லினக்ஸ் பெட்டி வைக்கிறோம் என்று கேட்டால் அனுமதி வராது. ஆனால் கேட்டில் டேங்கர் லாரிக்கும் காண்ட்ராக்ட் ஆட்களுக்கும் பாஸ் போட வேண்டிய செயலி பிஎச்பியில், லாராவெல் என்ற ஃப்ரேம்வொர்க் கொண்டு எழுதப்பட்டது. இரண்டையும் ஒன்றாக ஓடவைத்த வேலையின் பதிவு இது. சர்வர் விண்டோஸ் 2019, பிஎச்பி 8.3, எஸ்க்யூஎல் சர்வர் தனி மெஷினில். ஊழியர்கள் தங்கள் டொமைன் கணக்கிலேயே (நிறுவன நெட்வொர்க்கின் விண்டோஸ் கணக்கு) நுழைய வேண்டும். கேட்டில் தனியாக ஒரு பாஸ்வேர்டு கூடாது.

பிஎச்பியை ஐஐஎஸ்-இல் எழுந்து நிற்கவைப்பது அரை மணி நேர வேலை. அது எந்தக் கணக்கின் பெயரில் ஓடுகிறது என்பதைத் தீர்மானிப்பதுதான் மீதி வேலை முழுவதும். அதைத் தெளிவாகப் பிடித்துக்கொண்டால் இந்தக் கூட்டணி லினக்ஸுக்கு இணையாகவே உறுதியாக நிற்கும்.

முதலில் ஒரு விஷயம். அப்பாச்சி வெப் சர்வரையும் பிஎச்பியையும் ஒன்றாகத் தரும் எக்ஸ்ஏஎம்பிபி-யை இறக்கி ஓடவிட்டால் போதாதா என்று யாராவது கேட்பார்கள். போதாது. அது டெவலப்பர் மெஷினுக்கானது. அதோடு 80ஆம் போர்ட்டை ஏற்கெனவே ஐஐஎஸ் பிடித்திருக்கும். அப்பாச்சி எழவே எழாது. 2006இல் மைக்ரோசாஃப்ட்டும் பிஎச்பி கருவிகள் செய்யும் ஜென்ட் நிறுவனமும் கைகோர்த்த பிறகு ஃபாஸ்ட்சிஜிஐ (தனி பிராசஸில் ஓடும் பிஎச்பியிடம் வெப் சர்வர் கோரிக்கைகளை ஒப்படைக்கும் முறை) வழியாகப் பிஎச்பியை ஓட்டும் வசதி ஐஐஎஸ்-க்கு வந்தது. ஐஐஎஸ் 7 முதல் அது கூடவே வருகிறது. அந்த வழிதான் சரியான வழி. பிஎச்பியை ஐஐஎஸ்-க்குள்ளேயே ஏற்றிய பழைய ஐசாபி முறை பிஎச்பி 5.3இலேயே நீக்கப்பட்டுவிட்டது, அதைச் சொல்லும் கட்டுரைகள் கண்ணில் பட்டால் தாண்டிப் போய்விடுங்கள். 'வெப் பிளாட்ஃபார்ம் இன்ஸ்டாலர் திறந்து பிஎச்பியை டிக் செய்யவும்' என்று தொடங்கும் வழிகாட்டிகளும் இனி உதவாது. அந்தக் கருவியை மைக்ரோசாஃப்ட் 2022இல் மூடிவிட்டது. பிஎச்பி 8 முதல் விண்டோஸ் பில்டுக்கான ஆதரவையும் அந்த நிறுவனம் நிறுத்திக்கொண்டது. பிஎச்பி சமூகமே பில்டுகளைத் தொடர்ந்து வெளியிடுகிறது, தரத்தில் குறை இல்லை.

ஏற்றும் வேலை

சர்வர் மேனேஜரில் வெப் சர்வர் ரோலுக்குக் கீழே, அப்ளிகேஷன் டெவலப்மென்ட் பகுதியில் 'சிஜிஐ' என்று ஒரு பெட்டி இருக்கும். அதை டிக் செய்தால்தான் ஃபாஸ்ட்சிஜிஐ மாட்யூல் வரும். பெயரில் ஃபாஸ்ட் என்று இல்லாததால் பலர் தவறவிடும் இடம் இது. கூடவே விண்டோஸ் ஆதென்டிகேஷனையும் டிக் செய்துவிடுங்கள், பின்னால் தேவைப்படும். எதையும் தொடும் முன் ஆப்சிஎம்டி கருவியால் ஐஐஎஸ் அமைப்பை ஒரு பேக்கப் எடுத்து வைத்தால் ஒரே கட்டளையில் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

பிஎச்பி பதிவிறக்கப் பக்கத்தில் ஒவ்வொரு பதிப்புக்கும் இரண்டு வகை இருக்கும்: த்ரெட் சேஃப், நான் த்ரெட் சேஃப். ஃபாஸ்ட்சிஜிஐ-க்கு எடுக்க வேண்டியது நான் த்ரெட் சேஃப், 64 பிட். ஃபாஸ்ட்சிஜிஐ-யில் ஒரு பிராசஸ் ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையை மட்டுமே கையாளும். த்ரெட் பாதுகாப்புக்கான கூடுதல் சுமை வீண். ஜிப்பை விரித்து வைக்கும் ஃபோல்டரின் பெயரில் பதிப்பு எண் இருக்கட்டும்: சி டிரைவில் பிஎச்பி, அதனுள் 8.3-ஓடு முழு எண். காரணம் கடைசியில் வரும்.

அடுத்து விஷுவல் சி++ 2015–2022 ரீடிஸ்ட்ரிபியூட்டபிள், 64 பிட். இது இல்லையென்றால் பிரவுசரில் வெறும் 500 எர்ரர்தான் தெரியும், காரணம் தெரியாது. கமாண்ட் பிராம்ப்டில் பிஎச்பியை வெர்ஷன் கேட்டு ஓட்டிப் பாருங்கள். 'விசிரன்டைம்140' கிடைக்கவில்லை என்று பெட்டி எழுந்தால் இதுதான் காரணம். ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் இருந்தும் அது மிகப் பழையது என்றால், இந்தப் பில்டோடு பொருந்தவில்லை என்று எச்சரிக்கை வரும். புதியதை மேலேயே நிறுவிவிடலாம்.

ஹேண்ட்லர் மேப்பிங்கில் பாத் இடத்தில் நட்சத்திரம், புள்ளி, பிஎச்பி. மாட்யூல் ஃபாஸ்ட்சிஜிஐமாட்யூல். எக்ஸிக்யூட்டபிள் இடத்தில் பிஎச்பி-சிஜிஐ.இஎக்ஸ்இ. அதே ஃபோல்டரில் பிஎச்பி.இஎக்ஸ்இ-யும் இருக்கும், அதைக் கொடுத்தால் பக்கம் வராது. அது கமாண்ட் லைனுக்கு மட்டும்.

பிறகு ஃபாஸ்ட்சிஜிஐ செட்டிங்ஸ். இங்கே இரண்டு எண்கள் ஒத்துப்போக வேண்டும். ஐஐஎஸ் ஒவ்வொரு பிஎச்பி பிராசஸையும் 200 கோரிக்கைக்குப் பிறகு மாற்றும். பிஎச்பி தானாகவே 500 முடிந்ததும் வெளியேறும். ஐஐஎஸ் எண்ணை மட்டும் 10000 ஆக்கினால், 500ஆவது கோரிக்கையில் பிஎச்பி தானாக வெளியேறிவிடும். ஐஐஎஸ் அதை விபத்து என்று எடுத்துக்கொண்டு பயனருக்கு 500 எர்ரரைக் காட்டும். நேரம் காலம் இல்லாமல் எப்போதாவது தலைகாட்டும் எர்ரர் என்பதால் பிடிப்பது கடினம். இன்ஸ்டன்ஸ் மேக்ஸ் ரிக்வெஸ்ட்ஸ் 10000 என்றால், என்விரான்மென்ட் வேரியபிளில் பிஎச்பி_எஃப்சிஜிஐ_மேக்ஸ்_ரிக்வெஸ்ட்ஸ் என்பதையும் 10000 ஆக்குங்கள். ஐஐஎஸ் எண் ஒருபோதும் பிஎச்பி எண்ணைத் தாண்டக் கூடாது. அதே திரையில் 'மானிட்டர் சேஞ்சஸ் டு' என்ற இடத்தில் பிஎச்பியின் அமைப்பு ஃபைலான பிஎச்பி.ஐஎன்ஐ-யின் முழுப் பாதையைக் கொடுத்தால், ஐஎன்ஐ-யைத் திருத்திச் சேமித்ததும் பிராசஸ்கள் புதிதாக எழும். ஐஐஎஸ்-ஐ ரீஸ்டார்ட் செய்து அதே சர்வரில் ஓடும் மற்ற செயலிகளைத் தள்ளாட வைக்க வேண்டியதில்லை.

ஐஎன்ஐ-க்கு புரொடக்‌ஷன் மாதிரியிலிருந்து தொடங்குங்கள். மாற்ற வேண்டியவை: எக்ஸ்டென்ஷன் ஃபோல்டருக்கு முழுப் பாதை, சிஜிஐ ஃபோர்ஸ் ரீடைரக்ட் 0, எர்ரர் லாகுக்குத் தனி ஃபைல், டைம்ஸோன் ஏசியா/கொல்கத்தா. கடைசியாகச் சொன்னதை விட்டால் பிஎச்பி யூடிசி-யில் ஓடும், நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்தங்கி. லாராவெலிலும் டைம்ஸோன் யூடிசி என்றுதான் வரும், அதன் கான்ஃபிக்கிலும் மாற்றுங்கள். பகல் ஷிஃப்டில் நேரம் மட்டும்தான் தவறாகத் தெரியும். இரவு ஷிஃப்டில் காலை 5.30க்கு முன் வெளியேறும் டேங்கருக்கு முந்தைய நாள் தேதியில் பாஸ் விழும். எக்சைஸ் பதிவேட்டோடு அது ஒத்துப்போகாது.

யார் பெயரில் ஓடுகிறது

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். பெர்மிஷன் பற்றிய குழப்பங்கள் அத்தனைக்கும் வேர் இங்கேதான்.

ஐஐஎஸ்-இல் ஒரு பிஎச்பி பிராசஸ் ஆப் பூலின் (ஐஐஎஸ் ஒரு செயலியைத் தனியாக ஓட்டும் தொகுதி) கணக்கில் எழுகிறது. ஆனால் ஐஎன்ஐ-யில் ஃபாஸ்ட்சிஜிஐ.இம்பர்சனேட் 1 என்று இருந்தால், ஒவ்வொரு கோரிக்கையின்போதும் அது பயனரின் வேடத்தைப் போட்டுக்கொள்கிறது. லாகின் இல்லாத தளமென்றால் அந்தப் பயனர் ஐயூஎஸ்ஆர் என்ற கணக்கு. விண்டோஸ் ஆதென்டிகேஷன் போட்டிருந்தால் கேட்டில் உட்கார்ந்திருக்கும் செக்யூரிட்டியின் சொந்த டொமைன் கணக்கு. பல வழிகாட்டிகள் இதை 1 ஆக்கச் சொல்வதோடு நின்றுவிடும், விளைவைச் சொல்லாது.

விளைவு ஒன்று: ஐஐஎஸ்_ஐயூஎஸ்ஆர்எஸ் என்ற குழுவுக்கு மட்டும் எழுதும் பெர்மிஷன் கொடுத்தால் போதாது. பெயர் ஒன்றுபோல இருந்தாலும் ஐயூஎஸ்ஆர் தனிக் கணக்கு, அதற்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். லாராவெலின் ஸ்டோரேஜ் ஃபோல்டருக்குப் பெர்மிஷன் கொடுத்தும் எழுத முடியவில்லை என்று திணறுபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் நிற்கிறார்கள்.

விளைவு இரண்டு இன்னும் ஆழமானது. செக்யூரிட்டியின் பிரவுசரிலிருந்து வெப் சர்வருக்கு ஒரு தாவல், அங்கிருந்து எஸ்க்யூஎல் சர்வர் மெஷினுக்கு இன்னொரு தாவல். என்டிஎல்எம் என்ற பழைய விண்டோஸ் லாகின் முறையில் வந்ததை இரண்டாவது தாவலுக்குக் கொண்டுபோக முடியாது. பிஎச்பி பயனர் வேடத்தில் டேட்டாபேஸைத் தட்டும்போது, 'என்டி அதாரிட்டி, அனானிமஸ் லாகான்' என்ற பெயருக்கு லாகின் தோல்வி என்று எஸ்க்யூஎல் சர்வர் திருப்பி அனுப்பும். சர்வரில் உட்கார்ந்து அதே பக்கத்தைத் திறந்தால் வேலை செய்யும், ஏனென்றால் அங்கே ஒரு தாவல்தான். 'சர்வரில் வருகிறது, கேட்டில் வரவில்லை' என்று புகார் வந்தால் நெட்வொர்க்கைச் சந்தேகிக்காமல் இதைப் பாருங்கள்.

கெர்பரோஸ் டெலிகேஷன் (பயனரின் லாகினை அடுத்த சர்வருக்குக் கொண்டுபோக அனுமதிக்கும் முறை) போட்டு இதைத் தீர்க்கலாம். அதற்கு டொமைன் அட்மின்கள் எஸ்பிஎன் (சர்வீஸின் அடையாளப் பெயர்) பதிய வேண்டும், டெலிகேஷன் அனுமதி தர வேண்டும். கேட் பாஸ் போன்ற செயலிக்கு அது தேவையே இல்லை. இம்பர்சனேட்டை 0 ஆக்குங்கள். ஆப் பூலுக்கு ஒரு டொமைன் சர்வீஸ் கணக்கு கேட்டு வாங்குங்கள். குரூப் மேனேஜ்டு சர்வீஸ் அக்கவுன்ட் என்றால் பாஸ்வேர்டைத் தானே மாற்றிக்கொள்ளும், 90 நாளில் பாஸ்வேர்டு காலாவதியாகி செயலி படுத்துக்கொள்ளும் கவலை இல்லை. அந்தக் கணக்குக்கு மட்டும் டேட்டாபேஸில் தேவையான உரிமை கொடுங்கள். பயனர் யார் என்பது செயலிக்குத் தெரிந்தால் போதும், அதை ஐஐஎஸ் எப்படியும் சொல்லும்: சர்வர் வேரியபிள்களில் ஆத்_யூசர் என்பதில் டொமைன் பெயரோடு வந்துவிடும். இம்பர்சனேட் 0 ஆனாலும் வரும்.

ஆப் பூலை இயல்பான அப்ளிகேஷன்பூல்ஐடென்டிட்டியிலேயே விட்டாலும் டேட்டாபேஸ் வரை போகும். ஆனால் நெட்வொர்க்கில் அது அந்தச் சர்வரின் மெஷின் கணக்காகத் தெரியும். அதற்கு உரிமை கொடுத்தால் அதே சர்வரில் அப்படி ஓடும் எல்லாச் செயலிகளுக்கும் சேர்த்துக் கொடுத்ததாகிவிடும். அதனால் அதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

இப்படி முடிவான பிறகு ஃபோல்டர் பெர்மிஷன் எளிது. பிஎச்பி ஃபோல்டருக்கும் செயலி ஃபோல்டருக்கும் சர்வீஸ் கணக்குக்கு ரீட் அண்ட் எக்ஸிக்யூட். ஸ்டோரேஜ், பூட்ஸ்ட்ராப்பில் உள்ள கேஷ் இரண்டுக்கும் மாடிஃபை. டேட்டா டிரைவில் செஷனுக்கு ஒன்று, அப்லோடுக்கு ஒன்று, லாகுக்கு ஒன்று என மூன்று தனி ஃபோல்டர்கள், அவற்றுக்கும் மாடிஃபை. ஃபுல் கன்ட்ரோல் யாருக்கும் வேண்டாம். 'எவ்ரிஒன்' என்ற பெயர் எந்த இடத்திலும் வரக் கூடாது.

செஷனையும் அப்லோடையும் ஏன் தனி ஃபோல்டரில் வைக்க வேண்டும்? சொல்லாவிட்டால் பிஎச்பி விண்டோஸின் டெம்ப் ஃபோல்டரைப் பயன்படுத்தும். அங்கே ஃபைல் உருவாக்க அனுமதி உண்டு, பட்டியலைப் பார்க்க அனுமதி இல்லை. பிஎச்பியின் ஃபைல் செஷனைப் பயன்படுத்தும் பக்கம் ஏதாவது இருந்தால் பழைய செஷன்களைத் துடைக்க முடியாமல் அவை குவியும். லாகில் 'ஓபன்டிர் பெர்மிஷன் டினைடு' என்று வரும். அப்லோடு விஷயம் இன்னும் நுட்பமானது. டிரைவரின் லைசென்ஸ் படம் முதலில் டெம்ப் ஃபோல்டரில் விழுகிறது, பிறகு செயலி அதைப் படங்களின் ஃபோல்டருக்கு நகர்த்துகிறது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தில் ஒரே டிரைவுக்குள் நகர்த்தப்படும் ஃபைல் பழைய இடத்தின் பெர்மிஷனையே சுமந்துகொண்டு போகும். காப்பி செய்தால்தான் புதிய இடத்தின் பெர்மிஷன் வரும். விளைவு, பதிவு வெற்றி, படம் மட்டும் திறக்காது. ஐஐஎஸ் லாகில் 401.3 இருக்கும். அப்லோடு டெம்ப் ஃபோல்டருக்கும் படங்களின் ஃபோல்டருக்கும் ஒரே பெர்மிஷனை, கீழே இறங்கும்படி கொடுத்துவிட்டால் இது வராது.

டேட்டாபேஸும் தமிழும்

எஸ்க்யூஎல் சர்வருக்கான பிஎச்பி டிரைவர் மைக்ரோசாஃப்ட் வெளியிடுவது, ஓப்பன் சோர்ஸ். 5.12 பதிப்பு பிஎச்பி 8.3ஐத் தாங்கும். டிஎல்எல் பெயரில் 83, என்டிஎஸ் இரண்டும் இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். ஒன்று மாறினாலும் ஏறாது. அதற்கு அடியில் ஓடிபிசி டிரைவர் 17 அல்லது 18 தேவை. 18இல் என்கிரிப்ஷன் இயல்பாகவே கட்டாயம். எஸ்க்யூஎல் சர்வரில் தானே கையெழுத்திட்ட சான்றிதழ் இருந்தால் நம்பத்தகாத சான்றிதழ் என்று இணைப்பு அறுந்துவிடும். 'ட்ரஸ்ட் சர்வர் சர்டிஃபிகேட்' போட்டுச் சமாளிப்பது சோதனைக்கு மட்டும். நிறுவனத்துக்குச் சொந்த சான்றிதழ் அமைப்பு இருக்கும், அதிலிருந்து எஸ்க்யூஎல் சர்வருக்கு ஒன்று வாங்குவதே முறை. விண்டோஸ் கணக்கில் இணைய, யூசர்நேமும் பாஸ்வேர்டும் காலியாக இருக்க வேண்டும்.

'குடிகாடு' என்று ஊர்ப் பெயர் அடித்துச் சேமித்தால் கேள்விக்குறி வரிசையாகத் திரும்பி வருவது விண்டோஸ் பக்கம் நிறையப் பேர் காணும் காட்சி. பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று. டேபிளில் அந்தக் காலம் (நெடுவரிசை) வார்ச்சார் வகை என்றால் தமிழ் தங்காது, என்வார்ச்சார் வேண்டும். கையால் எழுதிய எஸ்க்யூஎல் வரியில் மேற்கோளுக்கு முன் 'என்' எழுத்து இல்லையென்றால் காலம் சரியாக இருந்தும் கேள்விக்குறிதான். பிடிஓ டிரைவர் இயல்பாக யூடிஎஃப்-8இல் பேசும், ஆனால் எஸ்க்யூஎல்எஸ்ஆர்வி என்ற மற்றொரு டிரைவர் சிஸ்டத்தின் கோட்பேஜில் பேசும். அதில் கேரக்டர்செட் யூடிஎஃப்-8 என்று இணைப்பிலேயே சொல்ல வேண்டும். கேள்விக்குறியாகச் சேமிக்கப்பட்டது கேள்விக்குறியேதான், மீட்க வழியில்லை. அதனால் நேரலைக்கு முன்பே சோதித்துவிடுங்கள்.

நோட்பேடும் ஒரு கண்ணி. சர்வர் 2019இல் உள்ள நோட்பேட், யூடிஎஃப்-8 என்று சேமித்தால் ஃபைலின் தலையில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட் பிஓஎம் குறியைச் சேர்க்கும். தமிழ் லேபிள்கள் உள்ள ஜேசன் ஃபைலை யாராவது சர்வரிலேயே திறந்து ஒரு எழுத்துப்பிழையைத் திருத்திச் சேமித்தால், அடுத்த நொடி பிஎச்பியால் அந்த ஜேசனைப் படிக்க முடியாது. பிஎச்பி ஃபைல் என்றால் 'ஹெடர்ஸ் ஆல்ரெடி சென்ட்'. சர்வரில் நோட்பேட்++ போட்டு, பிஓஎம் இல்லாமல் சேமிக்கும்படி வைத்தால் தொல்லை இல்லை.

யூஆர்எல், எர்ரர் பக்கம், டைம்அவுட்

ஐஐஎஸ், அப்பாச்சியின் ஹெச்டிஆக்சஸ் ஃபைலைப் படிக்காது. யூஆர்எல் ரீரைட் 2.1 என்ற மாட்யூலைத் தனியாக நிறுவி, ஃபைலாகவும் ஃபோல்டராகவும் இல்லாத எல்லாவற்றையும் இண்டெக்ஸ்.பிஎச்பி-க்கு அனுப்பும் விதியை வெப்.கான்ஃபிக்கில் எழுத வேண்டும். ஹெச்டிஆக்சஸ் விதிகளை மாற்றித் தரும் இம்போர்ட் வசதியும் அதில் உண்டு. மாட்யூல் நிறுவாமல் வெப்.கான்ஃபிக்கை மட்டும் வைத்தால் தளம் முழுவதும் 500.19 தரும். தளத்தின் ரூட் லாராவெலின் பப்ளிக் ஃபோல்டராக இருக்கட்டும். ஒரு படி மேலே வைத்தால் கம்போசர்.ஜேசன் போன்றவை வெளியே தெரியும்.

மொபைலில் கியூஆர் ஸ்கேன் செய்யும் பக்கம் ஜேசனில் பேசும். பாஸ் இல்லையென்றால் 404ஓடு காரணத்தை ஜேசனாக அனுப்புகிறோம் என்று வையுங்கள். ஐஐஎஸ் அதை எடுத்துவிட்டுத் தன் சொந்த எர்ரர் பக்கத்தை வைத்துவிடும். ஹெச்டிடிபிஎர்ரர்ஸ் பகுதியில் எக்சிஸ்டிங்ரெஸ்பான்ஸ் என்பதற்கு பாஸ்த்ரூ கொடுத்தால் பிஎச்பி அனுப்பியது அப்படியே போகும்.

மாதாந்திர ரிப்போர்ட் நடுவில் அறுந்தால் மூன்று கடிகாரங்களைப் பாருங்கள். பிஎச்பியின் மேக்ஸ் எக்ஸிக்யூஷன் டைம் இயல்பாக 30 நொடி. லினக்ஸில் டேட்டாபேஸுக்குக் காத்திருக்கும் நேரம் இதில் சேராது. விண்டோஸில் சுவர்க் கடிகார நேரம் முழுவதும் சேரும். லினக்ஸ் டெவலப்பர் மெஷினில் ஓடிய அதே ரிப்போர்ட் இங்கே சாவதற்கு இதுவே காரணம். அடுத்து ஃபாஸ்ட்சிஜிஐ-யின் ஆக்டிவிட்டி டைம்அவுட், அதற்கடுத்து ரிக்வெஸ்ட் டைம்அவுட், இயல்பாக 90 நொடி. பிஎச்பிக்கு 300 என்றால் மற்ற இரண்டும் 330. வெளியே உள்ளவை பெரியதாக இருந்தால்தான் பிஎச்பி தன் எர்ரரை லாகில் எழுதிவிட்டு முடியும். ஐஐஎஸ் முந்திக்கொண்டால் காரணம் எழுதப்படாமலே போகும். பெரிய ஃபைல் அப்லோடுக்கும் இதே போல இரட்டைக் காவல்: பிஎச்பியில் ஒரு ஃபைலுக்கு 2 எம்பி, மொத்தக் கோரிக்கைக்கு 8 எம்பி என்று இரண்டு வரம்புகள், ஐஐஎஸ்-இல் 3 கோடி பைட். ஐஐஎஸ் தடுத்தால் 404.13 வரும், பிஎச்பி லாகில் ஒன்றும் இருக்காது.

நிறுவன பிராக்சி வழியாக வெளியே போகும் எஸ்எம்எஸ் இணைப்பு 'கர்ல் எர்ரர் 60' என்றால், ஐஎன்ஐ-யில் கர்ல் சிஏஇன்ஃபோ, ஓப்பன்எஸ்எஸ்எல் சிஏஃபைல் இரண்டுக்கும் பெம் ஃபைல் ஒன்றைக் காட்டுங்கள், அதில் நிறுவனத்தின் ரூட் சான்றிதழும் இருக்கட்டும். விண்டோஸின் சான்றிதழ்ப் பெட்டியை பிஎச்பியின் கர்ல் தானாகத் திறந்து பார்ப்பதில்லை. எஸ்எஸ்எல் சரிபார்ப்பை அணைத்துவிடச் சொல்லும் குறுக்குவழியை எடுக்காதீர்கள்.

லினக்ஸில் நேரப்படி வேலைகளை ஓட்டும் கிரானின் இடத்தில் இங்கே டாஸ்க் ஷெட்யூலர். லாராவெலுக்கு நிமிடத்துக்கு ஒருமுறை ஓட வேண்டும். கீழ்விரியும் பட்டியலில் 5 நிமிடத்துக்குக் கீழ் இல்லை, ஆனால் பெட்டிக்குள் 1 மினிட் என்று தட்டச்சு செய்தால் ஏற்கும். 'ஸ்டார்ட் இன்' இடத்தில் பாதையை மேற்கோள் குறி இல்லாமல் கொடுங்கள். மேனேஜ்டு சர்வீஸ் கணக்கில் ஓட வேண்டுமென்றால் திரையில் முடியாது, பவர்ஷெல்லில்தான் பதிய வேண்டும்.

மழைக்காலமும் பேட்ச் நாளும்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்தக் கடற்கரையில் மின்சாரம் போய் வருவதை எதிர்பார்த்தே அமைக்க வேண்டும். 2011இல் தானே புயல், 2024இல் ஃபெஞ்சல் புயல் இரண்டும் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நேரடியாக வந்தவை. யூபிஎஸ் தீர்ந்து எல்லாம் அணைந்து மறுபடி எழும்போது, வெப் சர்வர் முதலில் எழும், எஸ்க்யூஎல் சர்வர் பின்னால் வரும். முதல் சில நிமிடங்கள் டேட்டாபேஸ் இல்லாத நிலையில் செயலி என்ன காட்டுகிறது என்று வேண்டுமென்றே நிறுத்திப் பாருங்கள். செஷனை டேட்டாபேஸில் வைத்திருந்தால் 'டேட்டாபேஸ் வரவில்லை' என்ற பக்கத்தையே காட்ட முடியாது. கேட் செயலிக்கு ஃபைல் செஷன் போதும்.

பிஎச்பி 8.3க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2027 டிசம்பர் வரை உண்டு, விண்டோஸ் அப்டேட்டில் அவை வராது. பழைய ஃபோல்டர் மேலேயே புதியதை விரிக்க முயன்றால் ஓடிக்கொண்டிருக்கும் பிராசஸ் டிஎல்எல்-களைப் பிடித்திருக்கும், பாதி மாறி பாதி மாறாமல் நிற்கும். பதிப்பு எண்ணோடு புதிய ஃபோல்டரில் விரியுங்கள். ஐஎன்ஐ-யையும் எஸ்க்யூஎல் டிரைவர் டிஎல்எல்-ஐயும் அங்கே வைத்து, ஐஎன்ஐ-யில் எக்ஸ்டென்ஷன் பாதையை மாற்றுங்கள். கமாண்ட் லைனில் மாட்யூல் பட்டியலைக் கேட்டு எஸ்க்யூஎல் டிரைவர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஃபாஸ்ட்சிஜிஐ-யில் புதிய பாதைக்கு ஒரு பதிவைச் சேர்த்து, 10000, 330 எல்லாவற்றையும் அதிலும் கொடுங்கள். பழைய பதிவிலிருந்து தானாக வராது. பிறகு ஹேண்ட்லர் மேப்பிங்கில் பாதையை மாற்றுங்கள், டாஸ்க் ஷெட்யூலரிலும் மாற்றுங்கள். ஏதாவது இடறினால் ஹேண்ட்லரைப் பழைய பாதைக்குத் திருப்பினால் போதும். இரண்டு ஷிஃப்ட் மாற்றங்கள் சிக்கலில்லாமல் கடந்த பிறகு பழைய ஃபோல்டரை நீக்கலாம்.